வாசலில் கிடந்த ஈரச் சாக்கு

எங்கள் குடியிருப்பில் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. எரியும் சிலிண்டரை மூடுவதற்காக நனைத்த சாக்கின் வாடை மூக்கில் ஏறியதும், நான் சிவகாசி வீட்டில் சிறுமியாக நின்றேன்.

பட்டாசுக் கம்பெனியில் வேலைபார்த்த அம்மா, வாசலில் எப்போதும் ஒரு சாக்கை நனைத்துப் போட்டிருப்பாள். கால் துடைக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீடு வெடித்தது. அங்கே கள்ளத்தனமாகச் சரவெடி பின்னிக்கொண்டிருந்தார்கள். "ஏ புள்ள, தெருவுக்கு ஓடு!" என்று என்னைத் தள்ளிவிட்டு, அம்மா சாக்கோடு புகைக்குள் போனாள். என் தோழி செல்வியை அதில் சுற்றித் தூக்கி வந்தாள்.

"அத்தை, எங்கம்மா வெளிய வந்துட்டாகளா?"

அம்மா செல்வியின் முகத்தை அந்த வீட்டுப் பக்கம் திரும்பவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்து நீங்க வாங்க மேடம்" என்றார் பயிற்சியாளர். என் கால்கள் நகரவில்லை.