துறையடி மடத்தில் மூன்று நாள்

சரவணை ஊரில் யார் செத்தாலும் அரியநாயகம் வாத்தியாரின் கைபட்டால் நல்லவராகிவிடுவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் குடும்ப வரலாறும் புலம்பலும் செய்யுளில் இருக்கவேண்டும். அதை எழுத ஊருக்கு அவரை விட்டால் ஆளில்லை. சீவியம் முழுக்க எல்லை வேலிக்குச் சண்டை பிடித்தவனையும் ‘அயலார் போற்றும் அண்ணல்’ ஆக்கிவிடுவார். கேட்டால், செத்தவன் வந்து மறுக்கப்போகிறானா என்று சிரிப்பார்.

1984 ஆவணியில் அவருடைய தாய் அன்னபூரணம் காலமானார். அந்தியேட்டிக்கு எட்டு நாள் இருக்கையில் வாத்தியார் நான்கு செய்யுளோடு நின்றுவிட்டார். ஐந்தாவதில் தகப்பன் வரவேண்டும். பட்டணம் போகும் பண்ணைப் பாலத்தில் ஆமி மறித்துச் சோதிக்கிற காலம், பிந்தினால் புத்தகம் வந்து சேராது என்று பட்டணத்து அச்சகக்காரர் இரண்டு தரம் சொல்லியனுப்பிவிட்டார்.

தகப்பன் தியாகலிங்கத்தின் கதை ஊரறிந்தது. 1937இல் மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் கிளாக்கரானவர். சண்டை வந்ததும் அங்கே தொண்டர் படையில் சேர்ந்து, யப்பான்காரனிடம் பிடிபட்டு, சயாம் காட்டில் தண்டவாளம் போடப்போய் மாண்டவர். காக்கி உடுப்போடு அவர் நிற்கும் படம் ஒன்று சுவரில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திர பாடம் வந்தால் வாத்தியார் அந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார். சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரோடும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்.

உண்மை என்னவென்றால், தியாகலிங்கம் மாளவில்லை. மாண்டார் என்று மலாயாவிலிருந்து வந்த ஒருவர் சொன்னதை நம்பி, 1946 தையில் கீரிமலையில் தர்ப்பையால் உருவம் செய்து காரியத்தை முடித்தார்கள். பன்னிரண்டு வயது அரியநாயகம்தான் மொட்டையடித்துக் கொள்ளி வைத்தான். அன்னபூரணம் தாலியைக் கழற்றினார். ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில், பட்டாளப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் வாசல் படலையில் வந்து நின்றார். படத்தில் இருந்தவரோடு காது மட்டுந்தான் ஒத்துப்போனது.

தாய்மாமன் ஏரம்பு அவரைப் படலையிலேயே மறித்தார். ஐயரைக் கேட்டால், காரியம் முடிந்தவர் வீட்டுக்குள் வருவதென்றால் நாள் பார்த்துச் சாந்தி செய்து, புதிதாகப் பெயர் வைத்து, மறுபடி தாலி கட்டவேண்டும் என்றார். ஏரம்புவுக்கு அதுவும் திருப்தியில்லை. ஊர் கேட்டால் மச்சானோடு மலாயாவில் நின்ற யாரோ என்று சொல்லிக்கொண்டார். தியாகலிங்கம் வாதாடவில்லை. ஊர்காவற்றுறைத் துறையடி மடத்தில் நிற்கிறேன், கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். யப்பான்காரனுக்குத் தப்பி வந்த மனிதரை ஒரு பனையோலைப் படலை நிறுத்திவிட்டது. இதை எங்கே போய்ச் சொல்வது?

மூன்றாம் நாள் விடியற்காலை அன்னபூரணம் மகனைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார்.

“மடத்தில நிக்கிற உன்ர அப்புவைக் கூட்டிக்கொண்டு வா. ஐயர் சொன்னது, மாமா சொன்னது ஒண்டும் எனக்குத் தேவையில்லை எண்டு சொல்லு.”

ஆனால் முதல் நாளே ஏரம்பு பொடியனைத் தனியே பிடித்துக் காதில் ஒன்று போட்டிருந்தார்.

“செத்தவீடு செய்து முடிச்ச ஆள் படலைக்குள்ள கால் வைச்சால் கொம்மா உயிரோட இருக்கமாட்டா.”

துறையடிக்கு நான்கு கட்டை தூரம். அரியநாயகம் புளியங்கூடல் வரைக்கும் நடந்தான். அங்கே ஒரு பனையடியில் வெயில் ஏறுமட்டும் குந்தியிருந்தான். அப்பாவா, அம்மாவா என்று கேட்டால் அந்த வயதில் எவன்தான் யோசிப்பான்? வீட்டுக்குத் திரும்பி, அவர் போய்விட்டார் என்று சொன்னான்.

அதன்பிறகு தியாகலிங்கத்திடமிருந்து கடிதமே இல்லை. 1961இல் மலாயாவின் சிரம்பானில் தனிக்கட்டையாக இறந்தார் என்ற செய்தி வாத்தியாருக்கு மட்டும் வந்தது. செய்யக் கருமமும் இல்லை. அது பதினைந்து வருடத்துக்கு முன்னமே செய்தாயிற்று. அன்னபூரணம் முப்பத்தெட்டு வருடம் வெள்ளைச் சேலையில் இருந்தார்.

இப்போது தாயும் போனபிறகு, கல்வெட்டில் உண்மையை எழுதிவிடுவது என்று வாத்தியார் துணிந்தார். மற்றவர்களுக்குப் பொய் எழுதியது போதும், பெற்றவர்களுக்காவது ஒரு மெய் எழுதுவோம் என்று நினைத்தார். செய்யுள் வரவில்லை. வசனத்தில் நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு தமக்கை இலட்சுமிப்பிள்ளையிடம் போனார். அன்று மடத்துக்குப் போகாமலே பாதி வழியில் திரும்பியதை முதலில் அவவிடம் வாயால் சொன்னார்.

இலட்சுமிப்பிள்ளை ஆச்சரியப்படவில்லை. கதிரையை அவர் பக்கம் இழுத்துவிட்டு இருக்கச் சொன்னார். தாளை வாங்கிப் பார்க்கவுமில்லை.

“அம்மாவுக்குத் தெரியும், தம்பி. அடுத்த நாள் நானும் அவவும் மடத்துக்குப் போனனாங்கள். அப்பு அண்டு காலமை லோஞ்சுப் படகிலதான் போனவராம். மூண்டு நாளும் றோட்டைப் பாத்துக்கொண்டே இருந்தவர், ஒருத்தரும் வரேல்லை எண்டு மடத்துக்காரன் சொன்னான்.”

பிறகு ஏன் அம்மா ஒருநாளும் தன்னைக் கேட்கவில்லை என்று வாத்தியார் கேட்டார்.

“வரேக்க வழியில என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. பொடியன் பயந்திட்டான், எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் ஆயுசுக்கும் தாங்கமாட்டான் எண்டவ.”

முப்பத்தெட்டு வருடம் தாய் அந்தக் கையால்தான் சோறு போட்டார். ஒருநாளாவது முகம் சுளித்திருந்தால் வாத்தியாருக்கு இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவ மூடி வைச்சதை நீ அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கப் போறியே?” என்று கேட்டார் தமக்கை.

வாத்தியார் தாளைக் கிழித்தார். ஐந்தாம் செய்யுள் அன்று பின்னேரமே வந்துவிட்டது. ‘சயாமின் வனத்தில் சமராடி மாண்ட தியாகலிங்கன்’ என்று தொடங்கி, பிசகில்லாத வெண்பா. அந்தியேட்டிக்கு வந்தவர்கள் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்கள். மற்றதையெல்லாம் விட அதுதான் நெஞ்சைத் தொடுகிறது, சொந்தத் தகப்பன் என்றபடியால் வந்த உண்மை என்று ஒரு பெரியவர் சொன்னார்.

“ஓம்” என்று தலையாட்டினார் வாத்தியார்.