மூன்று லைனர்களும் ஒரு செய்தித்தாளும்

பரமசிவம் அண்ணன் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது நான் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தேன். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து நின்ற படகில் ஏறிவிட்டேன். அவர் வீடு பள்ளுருத்தியில். பஸ் பிடிக்க வேண்டியவன் எதற்கு எறணாகுளம் படகில் ஏறினேன் என்று இன்னும் விளங்கவில்லை. பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பி வந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு முடித்திருந்தார்கள்.

ஒர்க்‌ஷாப் நண்பர்கள் போடும் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். அந்த லைனர் கதையை மறக்காமல் சேர்க்கும்படியும் சொன்னார்கள். அந்தக் கதையால்தான் இப்போது எனக்குக் குழப்பம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தோம். வெலிங்டன் தீவின் கிடங்குகளில் டிரெய்லர் இழுக்கும் டிராக்டர்கள் எங்களிடம் வரும். வயலையே பார்க்காத டிராக்டர்கள். இருவர் வீட்டிலும் தமிழ். வேலையிடத்தில் பாதி மலையாளம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கோபமே வராது. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்மேல் கோபம் வரும்.

சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு டிராக்டரின் எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டினோம். மூன்று சிலிண்டர். சிலிண்டருக்குள் உட்காரும் இரும்புக் குழாய்தான் லைனர்; ஃபேன் பக்கமிருந்து முதல் இரண்டை அவர் இறக்கினார், மூன்றாவதை நான். இரண்டு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் பழுப்பாக நுரைத்துக்கொண்டு வருகிறது.

“எடா, ஆயில் சாயா ஆயிட்டு. தண்ணி உள்ள இறங்குது,” என்றார் அண்ணன்.

அதற்கு முந்தைய மாதம் ஒரு வண்டியில் ஆயில் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தேன். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்.

அண்ணன் நிதானமாகப் பார்த்தார். ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கவில்லை. ஆகவே ஆயில் கூலர் இல்லை என்றார். எஞ்சினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழி வரவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கட்டும் இல்லை என்றார். மிச்சம் லைனரின் அடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான். அடியிலிருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி, தரையில் செய்தித்தாளை விரித்து, ரேடியேட்டருக்குள் சைக்கிள் பம்பால் காற்றடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தாளில் எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர்மேலே இருக்கும் லைனர்தான் கள்ளன். பத்திரிகையின் பெயர் ஃபேன் பக்கம், அதாவது ஒண்ணாவது லைனர் பக்கம் இருக்கும்படிதான் அவர் எப்போதும் விரிப்பார்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயா குடிக்கப் போய்விட்டேன். வந்தபோது தாள் தரையில் இல்லை. சூப்பர்வைசரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணாவது லைனர். நான் போட்டது.”

சூப்பர்வைசர் அவரை நாலு திட்டு திட்டிவிட்டு நகர்ந்தார். என்னைத் தீவுக்கு அனுப்பிப் புது வளையங்கள் வாங்கிவரச் சொன்னார் அண்ணன். நான் திரும்புவதற்குள் மூன்று லைனர்களையும் வெளியே எடுத்திருந்தார். பழைய வளையங்கள் குப்பைக்குப் போயிருந்தன.

அன்று தப்பித்தவன் சும்மா இருந்தேனா? இல்லை. பரமசிவம் அண்ணனே லைனரில் கோட்டை விட்ட கதையை இருபது வருடங்களுக்கும் மேலாகச் சொல்லித் திரிந்தேன். அவருடைய பிரிவுபசாரத்தில் மைக்கைப் பிடித்தும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

காரியம் முடிந்த மறுநாள் மதினி அவருடைய ஸ்பானர் பெட்டியை என்னிடம் கொடுத்தார். அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மலையாளச் செய்தித்தாள் மடித்திருந்தது. ஓரத்தில் அந்த டிராக்டரின் நம்பர், பென்சிலில், அவர் கையெழுத்து. விரித்தேன். ஒரே ஒரு பழுப்பு வட்டம். பத்திரிகைப் பெயருக்கு எதிர்க்கோடியில் இருந்தது.

அவர் வழக்கப்படி விரித்திருந்தால் அது மூன்றாவது லைனர். என்னுடையது. ஆனால் அன்று தாளை விரித்தது யார்? அவர்தான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. நான் விரித்துக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் தோன்றுகிறது. நானென்றால் தலை எது வால் எது என்று பார்த்திருக்க மாட்டேன். தாளைத் திருப்பிப் பிடித்தால் தப்பு அவருடையது; மறுபடி திருப்பினால் என்னுடையது. தன் தப்பை ஒருவர் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருப்பாரா? அப்படிச் செய்யக்கூடியவரும் அவர்தான். மதினியிடம் கேட்டேன். வீட்டில் அவர் வண்டிப் பேச்சே எடுக்கமாட்டார் என்றார்.

அண்ணே, கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் சிரித்திருப்பீர்கள். தாளை அதே மடிப்பில் மடித்து உங்கள் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். மலரில் கதையைப் போடச் சொன்னவர்களுக்கு இப்படி எழுதிக் கொடுக்கிறேன்: மூன்றாவது லைனர். நான் போட்டது.

போய் வாருங்கள்.