எஜீதியோவின் பூட்ஸ்

டொராண்டோவில் சட்டைக் காலர் தைத்துப் பிழைத்த அசுந்தாவின் புருஷன் எஜீதியோ, சாக்கடைக் குழாய்க்கு வெட்டிய பள்ளத்தில் மண் சரிந்து செத்தான். மரண விசாரணையில் கான்ட்ராக்டர் கூசாமல் புளுகினான். பள்ளம் காய்ந்து கிடந்ததாம், பலகை முட்டுக் கொடுக்கத் தேவையே இல்லையாம், குடித்துவிட்டு இவனாகவே உள்ளே குதித்தானாம். செத்தவனின் அஜாக்கிரதைதான் காரணம் என்று தீர்ப்பாயிற்று. புருஷன் போன துக்கத்தைவிட அந்தப் பழிதான் அவள் நெஞ்சை அறுத்தது.

பள்ளத்தில் ஊற்று கசிந்ததற்கு அவன் பூட்ஸே சாட்சி. கணுக்காலுக்கு மேல் நீலக் களிமண் அப்பியிருந்தது. அதைக் கழுவாமல் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலடியில் வைத்திருந்தாள். விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை. இங்கிலீஷ் தெரியாத பொம்பளையை எவன் மதிக்கிறான்?

மதிக்க ஒருவர் இருந்தார், டெலிவிஷனில். பிணத்தைச் சோதித்து, பெரிய மனிதர்களின் சட்டையைப் பிடித்து உலுக்கும் டாக்டர். செவ்வாய்க்கிழமை தோறும் கீழ்வீட்டு ரொசால்பா அந்தத் தொடரை இத்தாலியனில் சொல்லச் சொல்ல, அசுந்தா கண் கொட்டாமல் பார்ப்பாள். ஒருநாள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ரொசால்பாவோடு ஸ்டுடியோவுக்கே போய்விட்டாள்.

டாக்டர் முகப்பூச்சோடு வெளியே வந்தார்.

“நான் டாக்டர் இல்லம்மா, வெறும் நடிகன். என் கையில ஒண்ணும் இல்ல.”

ரொசால்பா அதை இத்தாலியனில் சொன்னதும் அசுந்தா சிரித்தாள். ஒவ்வொரு கதையிலும் டாக்டர் முதலில் இப்படித்தானே சொல்வார்!

“எனக்குப் புரியுதுன்னு சொல்லுடி. மேலிடத்துக்காக வெளிய அப்படித்தான் பேசுவாரு.”

பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு வந்தாள். அவர் நல்ல மனிதர்தான். திருப்பிக் கொடுக்க மனம் வராமல் கதை எழுதுபவரிடம் சேர்த்தார்.

அந்தப் பனிக்காலத்தில் பூட்ஸ் திரையில் வந்தது. டாக்டர் அதை மேஜையில் வைத்து, “பள்ளத்துல தண்ணி இருந்திருக்கு. இவன் மேல தப்பே இல்ல” என்று முழங்கினார். அசுந்தா சிலுவை போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். தெருவே திரண்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் தொழிற்சங்க வக்கீல் தானே தேடி வந்தார்.

“ஊரெல்லாம் இதே பேச்சும்மா. விசாரணையைத் திரும்பத் திறக்க வச்சிடலாம். ஆனா அந்த பூட்ஸ் வேணும். அதுல இருக்கிற மண்ணுதான் நம்ம உசுரு.”

அசுந்தாவும் ரொசால்பாவும் ஸ்டுடியோவுக்கு ஓடினார்கள். நாடகச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பூட்ஸைப் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினான். கரும்பழுப்பாகப் பளபளத்தது.

“இதுல இருந்த மண்ணு எங்க?” என்றாள் ரொசால்பா.

“அதுவா? நிஜ மண்ணு காமிராவுல எடுபடலம்மா, வெளிறித் தெரிஞ்சுது. நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு, கோக்கோவும் பசையும் குழைச்சு நானே பூசினேன். அச்சு அசல் சேறுதான், இல்ல?”

ரொசால்பாவுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அசுந்தா பூட்ஸை முகத்தருகே கொண்டுபோனாள். சாக்லேட் வாசனை அடித்தது.

“டாக்டரைக் கூப்பிடுடி. அவருக்கு வழி தெரியும்.”

“அக்கா, அவரு நடிகருன்னு அன்னிக்கே சொன்னாரேக்கா...”

அசுந்தா அதை அப்போதுதான் நம்பினாள்.