மூத்தவளின் அணில் மரம்

மடித்த போர்வையின் மேல் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, மூத்தவள் பைன் காய்களின் செதில்களைக் கத்தியால் நெம்பி விதை எடுத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பிசின். நான் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் அடுத்த காயில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முறிந்த கணுக்காலைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அமர்த்தியிருந்தார்கள். காலைவிட அவள் வாய்தான் எனக்கு அதிக வேலை வைத்தது.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் நாற்றுப் பண்ணைக்குக் காய் பொறுக்குகிறவள். அணில் உச்சியிலிருந்து பச்சைக் காய்களைக் கடித்துப் போடும். பிறகு இறங்கி வந்து வேர்ச் சந்தில் குவித்து வைக்கும். அந்தக் குவியலிலிருந்து எடுப்பார்கள். சொத்தைக் காயை அணில் தொடாது என்பதால் அந்தக் குவியலின் காய்களுக்குப் பண்ணையில் தனி மதிப்பு. குவியலை முதலில் கண்டவளுக்கே மரம். பாதியை அணிலுக்கு விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அது வேறு மரம் பார்த்துப் போய்விடும்.

கால் முறிந்து அவள் படுத்ததும் அவளுடைய மரத்துக்கு ஓரகத்தி போனாள். கொழுந்தனின் மனைவி, நேற்று வந்தவள். சாக்கு நிறைந்து வந்தது. பண்ணை சூப்பர்வைசர் வாசலில் நின்று, "சின்னவ கைராசிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மூத்தவள் சாப்பிடவில்லை.

"வயிறு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நர்ஸம்மா. எரியுது, அவ்வளவுதான்."

சாயங்காலம் இளையவள் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அணிலுக்கு எவ்வளவு விடணும்?"

"ஒண்ணும் விட வேண்டாம். வழிச்சு எடுத்துட்டு வா."

"பாவம்க்கா."

"அது என்ன உன் பொறந்த வீட்டுச் சொந்தமா? எடுத்துட்டு வாடி."

அவள் போனதும் சொன்னேன்: "மரம் உன்னோடதாச்சே."

"கால் சரியானா நான் வேற அணில் பாத்துக்குவேன். இவ ஒரு நாளாவது வெறும் சாக்கோட அந்த ஆள் முன்னால நிக்கணும்."

நான் மாத்திரையைக் கொடுத்தேன். பொறாமைக்கு என்னிடம் மருந்து இல்லை.

இளையவள் சொன்னபடியே வழித்தெடுத்தாள்; அணில் போய்விட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மரத்துக்கு. அது கத்துவதைக் கேட்டுப் பின்னாலேயே போன இளையவள்தான் புதுக் குவியலை முதலில் கண்டாள். வழக்கத்தைவிடப் பெரிய சாக்கோடு வந்தாள்.

"எனக்குன்னு ஒரு மரம் கெடச்சிடுச்சுக்கா. உங்க மரத்த இனி நான் தொடவே மாட்டேன்."

"அங்க இப்ப என்ன இருக்கு?"

"வெறும் சக்கைதான்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் மூத்தவள். கையிலிருந்த கத்தி நழுவி விரலைக் கீறியது. அதற்கும் ஒரு கட்டுப் போட்டேன்.

மறுநாள் காலை என் தோளைப் பிடித்துக்கொண்டு பண்ணைக்கு வந்தாள். வருகிற சாக்கிலிருந்து சில காய்களை நெடுக அறுத்து, விதை நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, சொத்தையென்றால் சாக்கையே திருப்பி அனுப்பும் மேஜை ஒன்று அங்கே உண்டு. நொண்டிக் காலோடு இனி மரம் தேட முடியாது, அந்த வேலையைக் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினாள். உட்கார்ந்ததும் இளையவளின் சாக்கைத்தான் முதலில் இழுத்தாள். ஒரு காயை அறுத்தாள், விதை நிறைந்திருந்தது. இன்னொன்று; அதுவும் அப்படியே. நான் அவள் காலுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"சாக்கோட அடியிலேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க, நர்ஸம்மா" என்றாள்.