அத்தான் தந்த கார்ட்லெஸ்

அந்தப் போனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில், கேரள எல்லையில் பாறசாலையைச் சுற்றிய எங்கள் கிராமங்களில் போன் உள்ள வீடுகளே குறைவு. எங்கள் வீட்டுக்கு லைன் கிடைத்த கொஞ்ச நாளில், அக்காவைக் கட்டிய அத்தான் துபாய் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்து, தானே எங்கள் வீட்டில் மாட்டியும் தந்தார். மேசைமேல் ஒரு பெட்டி, அதில் வயரோடு ஒரு ரிசீவர். அது போக, கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை நடந்து பேசுவதற்கு வயரே இல்லாத இன்னொன்று. மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கு ஓர் ஆன்டெனா வேறு.

அட்டைப்பெட்டியின் மேல் இருந்த படத்தில் வயரில்லாத ரிசீவர் இரண்டு இருந்தன. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் கேட்காமல் விடுகிற ஆளில்லை. இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

"அது வழியில விழுந்து உடைஞ்சு போச்சு மக்கா. உங்களுக்கு ஒண்ணு போதாதா?" என்று சிரித்தார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வயரில்லாத ரிசீவரைக் கையில் கொடுத்து, முற்றம் வரை நடந்து பார்க்கச் சொல்வார். "மருமவன் கொண்டுவந்ததாக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும் அவருக்கு. நானும் அதைத் தூக்கிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குள் நின்று தோழிகளோடு மணிக்கணக்காக அரட்டை அடித்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அக்கா தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. அத்தான் அடிப்பார் என்பது எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். ஆனால் அக்கா சொன்னது அடியைப் பற்றி இல்லை. கேள்வியைப் பற்றி. தேங்காய் வெட்ட வந்தவனிடம் என்ன பேசினாய்? ஜன்னல் ஏன் திறந்திருந்தது? குளிக்கப் போனவள் இவ்வளவு நேரம் என்ன செய்தாய்? வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவாராம். "அடியக்கூட தாங்கிடலாம். எனக்க மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு கேப்பாரு பாரு, அது தாங்காது" என்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: குழந்தையோடு அவர் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும்.

அவர் தந்ததையெல்லாம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா சம்மதிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தந்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். இரண்டு பக்கத்து மூத்தவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் வரை ஒரு கைக்குட்டையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். "கொடுத்தது கொடுத்தபடி இருக்கட்டும். நாளைக்கு அவரு வந்து கூப்பிட்டா இவ போகணும் இல்லியா?" என்றார். ஆகவே பட்டுப்புடவை பெட்டியில் இருந்தது, டார்ச் லைட் ஆணியில் தொங்கியது, போன் மேசைமேல் இருந்தது.

அத்தான் வீடு களியக்காவிளையைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள். சாலை வழியாகப் போனால் சுற்று. மாடியில் ஏறி நின்றால் ரப்பர் மரங்களுக்கு மேலே அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். வேறு மாநிலம் என்பதால் அந்த வீட்டுக்குப் பேச எஸ்.டி.டி. போட வேண்டும் என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் நிம்மதியைக் கெடுத்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் வக்கீலைப் பார்க்க அக்கா போனில் நேரம் கேட்டாள். மறுநாள் நானும் அவளும் போய் இறங்கியபோது, வக்கீல் வீட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை, சண்டை போடவில்லை. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு டீயைக் குடித்தார். உள்ளே போகாமலேயே திரும்பிவிட்டோம்.

பிறகு ஒரு நாள் காலையில் குழந்தைக்குக் காய்ச்சல். அக்கா டாக்டருக்குப் போன் செய்தாள், அவ்வளவுதான். மத்தியானம் அத்தான் வீட்டு வேலைக்காரர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார். "பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி உண்டுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு." அம்மா அந்தப் பையை வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.

யார் சொல்கிறார்கள்? அதுதான் எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. முற்றம் பெருக்க வருகிறவளை அம்மா நிறுத்திவிட்டாள். பாவம், அவள் அழுதுகொண்டே போனாள். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டோம். அம்மா தன் கூடப்பிறந்த தங்கையையே சந்தேகப்பட்டு, பொழியூரில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. வீட்டுக்குள் எல்லாரும் குசுகுசுவென்று பேசினோம். அதிமுக்கியமான விஷயம் என்றால் அக்கா வயரில்லாத ரிசீவரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். அங்கே யாரும் கேட்க முடியாதே! எங்கள் புத்தியை எதால் அடிப்பது?

அக்காவோடு படித்த ஒரு தோழி கோயம்புத்தூரில் ஒரு பள்ளி விடுதியில் வேலையாக இருந்தாள். சொந்த ஊர் காட்டாக்கடை; அப்போது லீவில் அங்கே வந்திருந்தாள். அவளோடு அக்கா கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்தபோது சார்ஜ் தீர்ந்து ரிசீவர் அணைந்துபோனது. பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று நான் உள்ளே ஓடி மேசைமேல் இருந்த ரிசீவரை எடுத்தேன். தோழி "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குப் பின்னால் ஒரு கடிகாரம் பாட்டுப் பாடியது. மணிக்கு மணி பாடும் பாரின் கடிகாரம். தோழி வீட்டுக் கடிகாரமாக்கும் என்று நினைத்து, ஓடி வந்த அக்காவிடம் ரிசீவரைக் கொடுத்தேன். காதில் வைத்தவள் உடனே கீழே வைத்துவிட்டாள்.

"அது எங்க வீட்டு மணி" என்றாள். "ஹால்ல கிடக்க மணி."

உடைந்து போனதாகச் சொன்ன அந்த இன்னொரு ரிசீவர் உடையவில்லை. அது களியக்காவிளை வீட்டு ஹாலில் இருந்தது. மாடியில் அவரே நிறுத்திய ஆன்டெனா எங்கள் வீட்டுப் போன் பேச்சு முழுவதையும் அவர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. அக்கா வாழப் போன வீட்டிலிருந்து தப்பி வந்து, அந்த வீட்டின் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் அருவருத்தது. வாழைத்தோட்டத்தில் நின்று நான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. எனக்கென்று வைத்திருந்ததையெல்லாம் அந்த ஆள் காலாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

ஆன்டெனாவைப் பிடுங்கி எறியப் போனேன். அப்பா மாடிப்படியில் வழி மறித்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கோபமே வரவில்லை அவருக்கு.

"கட்டினவன் கேட்டா என்ன? அந்நியனா கேட்டான்? மறைக்க ஒண்ணும் இல்லேங்கில் பயம் எதுக்கு?"

"அப்பா, அது ஒட்டுக்கேக்குறதாக்கும்."

"பொண்டாட்டியையும் பிள்ளையையும் குறிச்சு விசாரம் உள்ளவன் கேப்பான். விசாரம் இல்லாதவன் எதுக்குக் கேக்கணும்?"

நான் படியிறங்கி அக்காவிடம் போனேன்.

அக்காதான் யோசித்து ஒரு வழி சொன்னாள். போனைத் தொட வேண்டாம், எப்போதும் போலப் பேசுவோம் என்றாள். நான் கல்லூரிக்குப் போகிற சாக்கில் பஸ் ஏறி, லீவில் ஊருக்கு வந்திருந்த தோழியைக் காட்டாக்கடையில் நேரில் பார்த்து எல்லாம் சொன்னேன். அவள் விடுதியிலேயே அக்காவுக்கும் ஒரு வேலை இருந்தது, குழந்தையையும் வைத்துக்கொள்ளலாம். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அக்காவும் தோழியும் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, திருவனந்தபுரம் போய் ரயில் ஏறுவது என்று முடிவு. போனில் மட்டும் வேறு பேச்சு. "ஓணம் கழிஞ்சு வாறேன், அதுவரை இஞ்சதான், ஒரு இடத்துக்கும் போறதில்ல" என்று அக்கா கிணற்றடியில் நின்று உரக்கச் சொன்னாள். கேட்கிறவருக்காக ஒரு பெண் தன் கிணற்றடியில் நின்று நடிப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மா இட்லி கட்டித் தந்தாள். அக்கா குழந்தைக்கு ரிப்பன் கட்டினாள். பின்வாசல் வழியாகப் போய்விடு என்று அம்மாவும் நானும் தலைதலையாக அடித்துக்கொண்டோம். அவள் கேட்கவில்லை. தூர தேசம் போகிறவள் பெற்றவர் காலைத் தொடாமல் படியிறங்குவதா? எங்கள் வீட்டில் அப்படி யாரும் போனதில்லை. "அப்பா கிட்ட சொல்லாம போனா அந்தப் போக்கு விளங்காது" என்றாள்.

அப்பா பூஜை முடித்து விபூதியோடு நின்றார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள், எந்த ஸ்டாண்ட், எப்போது, யாரோடு என்பது வரை. காலில் விழுந்தாள். அப்பா அவள் நெற்றியில் விபூதி இட்டார், குழந்தைக்கும் இட்டார். கண் கலங்கியிருந்தது. "சூட்சிச்சுப் போ மோளே, பத்திரம்" என்றார். மனுஷர் இளகிவிட்டார் என்று எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. அக்கா "போயிட்டு வாறேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும். அடுக்களை ஜன்னலில் வைத்திருந்த வயரில்லாத ரிசீவர் கீகீ என்று கத்தியது. மேசைமேல் இருக்கும் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், வயரில்லாத ரிசீவர் எங்கே கிடந்தாலும் சத்தம் போடும். எடுத்தால், டெலிபோன் லைன் இல்லாமலேயே மேசையில் இருப்பவரோடு பேசலாம். அப்பாவுக்கு என்னவோ வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக் காதில் வைத்தேன்.

அப்பாவின் குரல் என்னைக் கூப்பிடவில்லை.

"மருமவனே, கேக்குதா? அவ நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுக்குப் போறா. பிள்ளையும் கூட உண்டு. ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அடிக்கப்பிடாது, கேட்டீங்களா?"

ஒரு இரைச்சல். அதன் பிறகு, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அத்தானின் குரல்: "செரி மாமா."

நான் ஓடினேன். செருப்புக்கூடப் போடாமல் மெயின் ரோடு வரை ஓடி, வந்த பஸ்ஸில் ஏறினேன். அத்தானிடம் ஜீப் இருந்தது. நான் இறங்கியபோது தோழி அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் தன் அண்ணன் தம்பிகளோடு வந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். குழந்தையை மட்டும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அக்கா கத்தினாளாம். ஸ்டாண்டில் இருந்தவர்கள், அப்பன் தன் பிள்ளையைத்தானே தூக்குகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்களாம். குழந்தை அத்தானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்ததாம்.

பிறகு கேஸ் நடந்தது. இரண்டு மாநிலத்துக்கும் இடையே வருஷக்கணக்காக இழுத்தது. ஒரு விசாரணைக்கு அழைத்து வந்தபோது, குழந்தை அக்காவைப் பார்த்துப் பயந்து அத்தானின் பின்னால் ஒளிந்தது.

குழந்தையைப் பறிகொடுத்த அன்று சாயங்காலம் நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். அக்கா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். ஓணம் வரை அத்தானுக்குத் தெரிய வழியில்லையே, யாரப்பா சொன்னது என்று கேட்டாள். அழவில்லை. அவர்தான் சொல்வார் என்று நம்பிக் கேட்கிற மாதிரி கேட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. "அப்பாதான் போன்ல சொன்னாரு" என்று கத்தினேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் கை வேட்டி நுனியைப் பிடித்திருந்தது.

"நான் ஒரு ஆளுக்கும் போன் பண்ணல்ல" என்றார். "வேணுமெங்கில் எக்ஸ்சேஞ்சில போய்க் கேட்டுப் பாரு."