சிம் போட இடமில்லாத சீர்

என் தங்கையின் இடது கைச் சுண்டுவிரலை அவள் மகன் உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சாப்பிடும்போது போனைக் கீழே வை என்று சொல்லியிருக்கிறாள். அவன் வைக்கவில்லை. அவள் பிடுங்கினாள். அவன் போனைத் திரும்பப் பிடுங்கவில்லை. போனைப் பற்றியிருந்த அவள் விரல்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்து, பின்பக்கமாக மடக்கினான். இழுபறியில் பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஒரு விரலைத் தேர்ந்தெடுத்து மடக்கியதால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். தங்கையை மாரண்டஹள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் நேராகக் கடைக்கு வந்தாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"கெணத்துப் படியில வழுக்கிட்டேன்னு ஆஸ்பத்திரில சொன்னேன். உங்கிட்டயும் அதையே சொல்லலாம்னுதான் பஸ்ஸுல வந்தேன்."

"சொல்லு."

"சொன்னா நீ நம்புவியா? எங்கூட்டுக் கெணத்துக்குப் படியே கெடையாதே" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"வெளையாடற புள்ளகிட்ட எதுக்குடி புடுங்கறன்னு முதுகுல ஒன்னு வெச்சாரு."

அவள் வந்தது அழுவதற்கல்ல. என் கண்ணாடி அலமாரியின் மேல் தட்டைக் காட்டினாள். "வெளையாடறதுக்குன்னே ஒன்னு வெச்சிருக்கியே, போன் இல்லாதது. அவன் காதுகுத்துக்கு அதைச் சீர்ல வெச்சிக் குடுண்ணா. மாமன் குடுத்ததுன்னா வாங்கிக்குவான். போன் என் கைக்கு வந்துரும். இல்லேன்னா அடுத்த தடவ விரலோட நிக்காது."

அவள் காட்டிய கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூருக்குச் சரக்கு எடுக்கப் போனபோது ஆசைப்பட்டு மூன்று வாங்கி வந்தேன். இரண்டு கைகளாலும் பிடித்து விளையாடுகிற பெட்டி. பட்டன்கள் விரலுக்கு வாகாக இருக்கும், சூடாகாது, நடுவில் யாருடைய அழைப்பும் வந்து ஆட்டத்தைக் கெடுக்காது. விளையாட்டுக்கு என்று பார்த்தால் எந்தப் போனையும்விட மேல். மூன்றும் அலமாரியிலேயே இருந்தன. கையில் எடுத்துப் பார்க்காதவர்கள் குறைவு. எல்லோரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

"சிம் எங்கண்ணா போடறது?"

"சிம் போட முடியாதுங்க. வெளையாட மட்டும்."

"அப்ப பேசறதுக்கு?"

"அதுக்கு உங்க போனு இருக்குதுங்களே."

"அப்ப போன்லயே வெளையாடிக்கறேன். இது எதுக்கு, ரெண்டாவது பொண்டாட்டியாட்டம்?"

இது ஒரு தக்காளி வியாபாரி சொன்னது. கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில்தான் வியாபாரம் முழுவதும் இருந்தது. போன் வாங்குவதற்கு ஆயிரம் சாக்கு உண்டு. பள்ளிக்கூடப் பாடம் அதில் வருகிறது, மண்டி விலை வருகிறது, பணம் வருகிறது. விளையாட்டு அந்தச் சாக்குகளின் பின்னால் ஒளிந்துகொண்டு சும்மா உள்ளே வந்துவிடும். இந்தப் பெட்டிக்கு ஒளிய இடமில்லை. விளையாடுவதற்காக மட்டும் இவ்வளவு பணமா என்று எந்தத் தகப்பனும் கேட்பான். போதாததற்கு ஆட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். போனில் ஆட்டம் இலவசம். உள்ளே போனபிறகுதான் அங்கே கையைப் பிடித்துக் காசு வாங்குவார்கள். இங்கே வாசலிலேயே வாங்கிவிடுகிறார்கள்.

தவணைக்குக் கொடுத்தாலாவது நகரும் என்று பைனான்ஸ்காரரிடம் கேட்டேன். அவர் முடியாது என்றார். போனுக்குத் தவணை கட்டவில்லை என்றால் அவர்கள் இருந்த இடத்திலிருந்தே அதைப் பூட்டிவிடுவார்கள். போன் பூட்டிக்கொண்டால் பிழைப்பு நிற்கும். மறுநாளே ஓடி வந்து கட்டுவார்கள். "இதைப் பூட்டினா எவன் ஓடி வருவான் சொல்லுங்க?" என்றார். இல்லாவிட்டால் வாழ முடியாது என்கிற பொருளுக்குத்தான் எங்கள் ஊரில் கடன் கிடைக்கும்.

இத்தனையும் தெரிந்திருந்தும் நான் சரி என்றேன். விற்காத சரக்கைத் தள்ளிவிட அல்ல. அது வீட்டுக்குள் போனால் விளையாட்டு ஒரு பெட்டிக்குள் அடங்கும், போன் தங்கையின் கைக்கு வரும், அவள் எலும்பு தப்பிக்கும் என்று நானும் நம்பினேன்.

பங்காளிச் சண்டையால் அவர்கள் குலசாமி கோயில் பல வருடம் பூட்டிக் கிடந்தது. அதனால்தான் மீசை அரும்புகிற வயதில் அவனுக்குக் காதுகுத்து. என்னைவிடச் சற்றே குள்ளமான ஒருவனை மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். எதிரே இரண்டு கிடாக்களை வெட்டினார்கள். இரண்டாவது ஒரே வெட்டில் விழவில்லை, பூசாரி இன்னொரு முறை அரிவாளை ஓங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பத்தர் இவன் காதில் கம்பியை ஏற்றினார். அவன் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நகத்தை இறக்கினான். சட்டைக் கைப்பட்டியில் ரத்தம் ஊறியது. யாருடையது என்று பார்த்தேன், என்னுடையது.

அந்தப் பக்கத்தில் தாய்மாமன் சீரைத் தட்டு தட்டாக மைக்கில் சொல்லுவார்கள். வேட்டி, துண்டு, கடுக்கன், பழம் எல்லாம் சொல்லிவிட்டு, மைக் பிடித்தவர் கடைசித் தட்டின் முன்னால் தடுமாறினார். குனிந்து பார்த்தார். "வீடியோ கேம் பொட்டி ஒன்னு!" என்றார்.

பந்திப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "போன் கடைக்காரரு, மருமவனுக்குப் போன் வெக்காம பொம்ம வெச்சிருக்காரு பாருங்கடா!"

"கைப்புள்ளைக்குக் கிலுகிலுப்பையும் வெச்சிருக்காரான்னு பாரு!"

ஊரே சிரித்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியின் விலையில் நடுத்தரமான இரண்டு போன் வாங்கலாம் என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

பையன் அதை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனான். நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். முதலில் அவனுக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் தோளைச் சாய்த்துச் சாய்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு விளையாடினான். தங்கை தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்புறம் பங்காளி வீட்டுப் பையன்கள் நாலுபேர் வந்து அவனுக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாலுபேர் கையிலும் போன்.

"டேய், உள்ள வாடா. நம்ம டீம்ல ஒராளு கொறையுது."

"இதுல அது வராதுடா."

"வராதா? அப்ப இதுல யாரோட வெளையாடுவ? உங்க மாமனோடயா?"

"போடா."

"சரி, நீ பொம்மைய வெச்சி வெளையாடு. நாங்க பெரியவங்க வெளையாட்டு வெளையாடறோம்" என்று ஒருவன் தள்ளி உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரும் அவனோடு தள்ளி உட்கார்ந்தார்கள்.

கடையில் எனக்குப் பிடிபடாத காரணம் அங்கேதான் பிடிபட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது விளையாட்டு அல்ல, அந்த நாலுபேர். அவர்கள் எல்லோரும் போனுக்குள் இருந்தார்கள். எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் அது வேறு தெருவில் கட்டிய வீடு.

அவன் எழுந்து, சோற்றுக் குண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த தன் அம்மாவிடம் போனான்.

"போன் குடு."

"அதான் மாமா குடுத்திருக்காங்கல்ல, அதுல வெளையாடு சாமி."

"போன் குடுன்றேன்."

"சாப்புட்டுட்டு..."

அவள் முடிப்பதற்குள் பெட்டியை ஓங்கி முகத்தில் எறிந்தான். இரண்டடி தூரம்தான். அதன் மூலை அவள் இடது புருவத்தில் பட்டது. அவள் கத்தாமல் அப்படியே உட்கார்ந்தாள். ரத்தம் கண்ணை மறைத்துக்கொண்டு கன்னத்தில் இறங்கியது. அவன் குனிந்து கீழே கிடந்ததை மறுபடியும் எடுத்தான். அதற்குள் நான் ஓடிப்போய் அவன் இரண்டு கைகளையும் பின்னால் பிடித்தேன். முழங்காலில் உதைத்தான். என் முன்கையைக் கடித்தான், பல் சதைக்குள் இறங்கும்வரை விடவில்லை. நானும் விடவில்லை.

மாப்பிள்ளையின் தம்பி அப்போதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறான். அவன் கண்ணில் பட்டது, காது குத்திய பையனை மாமன் முறுக்கிப் பிடித்திருப்பது மட்டும்தான். அடுப்பிலிருந்து ஒரு விறகை உருவி என் தோளில் இறக்கினான். நுனியில் நெருப்பு இருந்தது. என்னோடு வந்த என் பெரியப்பா மகன் அவன் கழுத்தைப் பிடித்தான். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. குழம்புக் குண்டா சாய்ந்து ஒருவருடைய பாதம் வெந்தது. மைக் பிடித்தவர் "சாமி முன்னால வேணாங்க, சாமி முன்னால வேணாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை வந்தார். மகனிடம் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. உட்கார்ந்திருந்தவளின் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"உங்கண்ணன் சீரு வெச்ச லட்சணத்தப் பாத்தியாடி? ஊரே சிரிக்குது!"

ரத்தம் வழிகிற கன்னத்திலேயே அறைந்தார். அவள் மறுபடியும் கீழே விழுந்தாள். கை சிவந்ததைப் பார்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பையனை விட்டுவிட்டு அவர்மேல் பாய்ந்தேன். இருவரும் கிடா வெட்டிய இடத்தில், ரத்தச் சேற்றில் புரண்டோம். அவர் மண்டையை ஒரு முறை தரையில் மோதினேன். அவர் முழங்கை என் வாயில் பட்டு முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. எங்களைப் பிரித்தபோது இருவரும் ஒரே நிறத்தில் இருந்தோம்.

தங்கை எழுந்து நின்றாள். ஒரு கண் மூடியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த துணிப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பையனிடம் போனாள். அவன் பின்வாங்கினான். அவன் கையைப் பிடித்து அதில் போனை வைத்தாள்.

"இந்தா. இனிமே இதையே சோறாக்கிப் போடச் சொல்லு. கோவம் வந்தா இதையே அடிச்சிக்க." பிறகு புருஷனைப் பார்த்து, "நானு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேங்க" என்றாள். நாங்கள் வந்த வேனில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை.

புருவத்தில் தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்தப் பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை, மூலையில் ஒரு கீறல் மட்டும். போனாக இருந்தால் திரை சிதறியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலையில் கட்டு. நடந்தது நடந்துபோச்சு என்றார் பெரியவர்.

"அவன் மறுபடி எம்மேல கைநீட்ட மாட்டான்னு சொல்லுங்க, இப்பவே வரேன்" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை வாசல் தரையைப் பார்த்தார். "சின்னப் பையன். அவனுக்கு நான் எப்படி உத்தரவாதம் குடுக்கறது?"

"குடுக்க முடியாதுங்க. உங்களப் பாத்துத்தான கத்துக்கிட்டான்."

அவர் எழுந்து போய்விட்டார். அவள் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். உடைந்த விரல் சரியாக மடங்காது. அந்தக் கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொறுக்குவாள். பையனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓசூரிலிருந்து மாரண்டஹள்ளி வழியாகப் பஸ் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தப் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினான். இளைத்திருந்தான். கடைக்குள் வந்து, "மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக நின்று போனைப் பார்க்க ஆரம்பித்தான். நான் அவளுக்குச் சொல்லியனுப்பினேன்.

அவள் மண்டியிலிருந்து அப்படியே வந்தாள். அவன் தலையைத் தூக்கினான். எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவனுக்கு நேராகப் போய்க் கையை நீட்டினாள்.

"போனைக் குடு."

அவன் இறுக்கிப் பிடித்தான். கல்லாவைச் சுற்றிக்கொண்டு நான் வெளியே வர ஆரம்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே "நீ அங்கயே இருண்ணா" என்றாள்.

"குடுடா."

அவன் வலது கை முஷ்டியாகி மேலே வந்தது. அவள் நகரவில்லை. புருவத் தழும்பு அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. முஷ்டி அங்கேயே நின்றது. அவன் ஒரு எட்டு பின்னால் வைத்தான், இன்னொரு எட்டு வைத்தான். முதுகு அலமாரிக் கண்ணாடியில் முட்டியது.

"குடுக்க மாட்டேன்" என்றான். "ஆனா அடிக்க மாட்டேன்."

தங்கை நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு இறக்கினாள்.

"இன்னிக்கி அது போதும்" என்றாள். "சாப்புட்டியா?"

"இல்ல."

பக்கத்து ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். அவன் போனை மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அவள் எதிரே உட்கார்ந்து அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "வூட்டுக்கு வாம்மா" என்றான்.

"வரமாட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம நீ வா" என்று அவனைப் பஸ் ஏற்றிவிட்டு மண்டிக்குத் திரும்பினாள்.