பச்சையை நம்பாத சிவஞானம்

புதன்கிழமை காலை அலுவலகச் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சோதனை எழுதும் பெண் ரெஜினா வந்து வாசலில் நின்றாள். "ஆச்சி, சிவஞானம் சார் விடியக்காலம் நெஞ்சுவலியில போயிட்டாக" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மறுநாள் என் வீட்டுக்காரரைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். வாக்குக் கொடுத்துவிட்டு முந்தின நாள் போய்விட்டால் அது என்ன நியாயம்?

வண்ணார்பேட்டையில், வலைத்தளம் செய்யும் நம் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம், எனக்கு எதுவும் மறக்காது.

அந்த ஆஸ்பத்திரிக்கு முன்பதிவு செய்யும் தளம் நாம் செய்தது. அதை நம்பித்தான் போன வருடம் என் வீட்டுக்காரர் பெயரைப் பதிந்தேன். "பதிவு ஆகிவிட்டது" என்று திரையில் வந்தது. சீவலப்பேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெறும் வயிற்றோடு அவரைக் கூட்டிப் போனேன். பட்டியலில் பெயர் இல்லை. மதியம்வரை உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். "இனிமே என்னை ஆஸ்பத்திரிப் பக்கம் கூப்பிடாத" என்று சொன்ன மனிதர், வலது கண்ணில் புரையோடு சுவரைத் தடவித்தான் நடந்தார்.

மறுநாள் சிவஞானத்தின் மேசை முன்னால் போய் நின்றேன். தளம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சரிபார்ப்பது அவர் பொறுப்பு. அவர் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பச்சையால்லா இருக்கு ஆச்சி" என்றார். அந்தச் சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பச்சை என்றால் என்ன என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தளத்தைக் கணினி தானே திறக்கும், பெயரை எழுதும், பொத்தானை அழுத்தும், கடைசிவரை போய்ப் பார்க்கும். எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள், அதுதான் சோதனை. சரியாக இருந்தால் பச்சை, தப்பினால் சிவப்பு. முன்பதிவுச் சோதனையை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பொத்தானை அழுத்து, ஐந்து விநாடி காத்திரு, முடிந்தது. அவ்வளவுதான். பட்டியலில் பெயர் ஏறியதா என்று அதில் யாரும் பார்க்கவே இல்லை.

"அஞ்சு விநாடியா? ரசத்தை மணி பாத்தா இறக்குவாக? நுரை கூடுதான்னு பாத்துல்லா இறக்கணும். இதக்கூடத் தெரியாமலா சம்பளம் வாங்குதிய?" என்று கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் சிவஞானம் எழுதிய லின்ட் விதிகள் வந்தன. தளத்தைச் சோதிக்கும் முன்பு சோதனையையே வாசித்துக் குற்றம் சொல்லுகிற விதிகள் அவை. வெறுமனே விநாடி எண்ணிக் காத்திருந்தால் குற்றம். கடைசியில் ஒன்றையும் சரிபார்க்காமல் முடித்தால் குற்றம். முதல் நாளே பாதிச் சோதனைகளுக்கு மேல் சிவப்பு. ரெஜினா என்னைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போனாள். குற்றம் உள்ள ஒவ்வொரு வரிக்குக் கீழும் தமிழில் எழுதியிருந்தது: "மணி பார்க்காதே. நுரை கூடிற்றா பார்." என் பேச்சு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

முதலாளி ஓடி வந்தார். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை குடுக்கணும். ரெண்டு நாளைக்கு அந்த விதிய அணைச்சு வைங்க."

"அணைக்கலாமே. அங்கன ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நீங்களே அணைங்க" என்றார் சிவஞானம்.

முதலாளி சமையலறை வாசல்வரை வந்தார். கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்தார். "காப்பி இருக்கா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். வெள்ளிக்கிழமை கொடுக்கவில்லை, திங்கட்கிழமைதான் கொடுத்தார்கள்.

ஒரு விதியைத் தாண்ட வேண்டுமென்றால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது சிவஞானத்தின் சட்டம். ரெஜினா ஒருமுறை "அவசரம்" என்று எழுதிவிட்டாள். எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "அவசரம்னா, ஆச்சி சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடுதாகளே, அது. இது சோம்பேறித்தனம் பிள்ள." அவள் அழுதாள். மதியம் அவளுக்கு அப்பளம் கூட ஒன்று வைத்தேன், அவருக்கு வைக்கவில்லை. அதையும் கவனித்துச் சிரித்தார். அவர் வாயில் எப்போதும் ஒரே பேச்சுதான்: "பச்சைன்னு சொல்லாதலே. எதைப் பாத்துப் பச்சைன்னு சொல்லு."

எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்து, என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். மூன்றாம் முறைதான் அந்த மனிதர் இறங்கி வந்தார். "அந்தத் தம்பி கூட வந்தா வாரேன்" என்றார். வியாழக்கிழமைக்குப் பதிந்தோம்.

புதன்கிழமை சாயங்காலம் சிவஞானத்தை ஆற்றங்கரையில் எரித்தார்கள். வீட்டுக்குப் போய், நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். "சொன்னது சொன்னதுதான். காலையில வெள்ளன எழுப்பு" என்றார்.

ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் இருந்த பெண் பட்டியலில் விரலை ஓட்டினாள். "பேர் இருக்கு, உள்ள வாங்க தாத்தா" என்றாள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. பக்கத்தில் நின்று இதைப் பார்க்க வேண்டிய மனிதர், பார்க்காமல் போய்விட்டார்.

அவர் மன்னிப்புக் கேட்காத கோபம் எனக்குத் தீரவில்லை. தீரவும் வேண்டாம், அது இருக்கட்டும். அதோடு அவர் எனக்கென்று விட்டுப்போன வேலை ஒன்று இருக்கிறது. அந்த விதிகளில் எதையாவது அணைக்க நினைக்கிறவர்கள், முதலில் சமையலறைக்கு வந்து என்னிடம் காரணத்தைச் சொல்லுங்கள்.